செவ்வாயில் புல் முளைத்த மாலை

மாப்பிள்ளையாகப் போகிறவன் வாயைத் திறக்காமல் இருப்பதே அழகு. நான் திறந்தேன். அதுவும் வானசாஸ்திரம் பேசத் திறந்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கள்ளிக்குப்பத்திலிருந்து பட்டணத்துக்குக் குமாஸ்தா வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வேப்பம்பட்டில் பார்த்த பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று தெரிந்ததும் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) கல்யாணப் பேச்சையே நிறுத்திவிட்டார்.

"தோஷக்காரப் பொண்ணுக்குத் தோஷக்காரப் பையன்தான்டா. உன் ஜாதகம் சுத்தமாக் கீது. நீ உசுரோட இருக்க வாணாமா?"

நானோ ஏதோ பத்திரிகையில் செவ்வாயைப் பற்றி ஒரே ஒரு கட்டுரை படித்துவிட்டு மேதையாகியிருந்தவன். அங்கே கால்வாய்கள் இருக்கின்றனவாம், பயிர்பச்சைகூட இருக்கலாமாம். அந்த வருஷம் அது பூமிக்கு வெகு அருகில் வருகிறதாம். கண்ணால் பார்த்துவிட்டால் நைனாவின் பயம் தெளிந்துவிடும், பெண் வீட்டிலேயே வைத்துக் காட்டினால் பிறகு பின்வாங்கவும் முடியாது என்று கணக்குப் போட்டேன். (பெண்ணும் பார்ப்பாளே!) கப்பலில் வேலை செய்த நண்பனிடம் பித்தளைத் தூரதர்சினி ஒன்றை இரவல் வாங்கினேன். கெஞ்சிக் கூத்தாடி நைனாவை வேப்பம்பட்டுக்கு அழைத்துப்போனேன்.

பொழுது சாய்ந்தது. பெண் வீட்டுத் தோட்டத்தில் நின்றோம். கிழக்கே ஒரே மேகம். ஆனால் அடிவானத்தில், புளியமரங்களை ஒட்டி, சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

"அதோ செவ்வாய்!" என்றேன்.

நைனா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் தெரியுது. கீழ இன்னாடா கோடு மாதிரி நிக்குது?"

"அதுதான் கால்வாய், நைனா!"

பெண்ணின் தாய்மாமன் லேசாக இருமினார். பிறகு, "ஆமாங்க, கால்வாய்தான்" என்றார். எவ்வளவு விஷயம் தெரிந்த மனிதர் என்று நான் பூரித்துப்போனேன்.

திடீரென்று நைனா கத்தினார். "டேய், பச்சையாய்டிச்சிடா!"

பிடுங்கிப் பார்த்தேன். பச்சைதான். மூளை உள்ளவனாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான், "அங்கே மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. புல் முளைக்கிறது" என்றேன்.

அப்போது கூவென்று ஊதிக்கொண்டு, செவ்வாய்க்குக் கீழே ஒரு ரயில் போயிற்று. சமையலறை ஜன்னலில் ஒரு சிரிப்பு வெடித்தது. பெண்தான்.

நைனா தூரதர்சினியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "அண்ணாத்தே, இது ரயிலு கைகாட்டி வௌக்குன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியுங்க. தெனம் பாக்குறதுதானே" என்று நெளிந்தார் மாமன். "மாப்ள ஊட்டுக்காரங்க செவ்வாய்னு சொல்லிகினு கீறப்போ நாங்க எப்டிங்க இல்லன்றது?"

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவமானத்தைவிட, அந்தப் பெண் இனி எனக்கில்லை என்பதுதான் வலித்தது. நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"பொண்ணுக்கு ஜாதகத்துல தோஷம். இவனுக்கு மூளையிலயே தோஷம். ரெண்டும் ஈடாப் போச்சு. தட்டக் கொண்டாங்க, மாத்திக்கலாம்."

மேகம் விலகி நிஜச் செவ்வாய் எப்போது எழுந்ததோ, யாரும் பார்க்கவில்லை.

இன்றைக்கும் ரயில்வே கேட்டில் நான் அவசரப்பட்டுக் கடக்கப் பார்த்தால், பேரப்பிள்ளைகள் எதிரில் என் மனைவி சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

"நில்லுங்க. செவ்வாய்ல புல்லு மொளைச்சிட்ச்சி."