பீங்கான் அக்காவின் சிவப்பு வெள்ளைத் தொப்பி

உல்லன் நூலை விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு வாங்கும் மனுஷி இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அந்த ஒருத்தி எங்கள் விருத்தாசலத்தில், எங்கள் குரோஷா பின்னல் வகுப்பில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் உயிரை எடுத்தார்.

பீங்கான் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றி எடுப்பது அவர் வேலை. சுட்ட பொம்மையைத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் விரிசல். அந்தப் பழக்கத்தில் நான் பின்னிய பூவையும் ஒரு தட்டு தட்டிவிட்டு, "சத்தமே வரல, எதுக்கும் பாத்துக்க" என்பார். எரிச்சலாக வரும்.

அவர் வகுப்பில் சேர்ந்ததே பேத்திக்காக. மகள் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து மாப்பிள்ளையோடு அக்காவுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது வருகிறார்கள்; கைக்குழந்தையோடு மூன்று பேராக வருவது இதுதான் முதல்முறை. "இந்தத் தடவையும் அவரைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டீன்னா, இனிமே இந்தப் பக்கமே வர மாட்டோம்" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை. பேத்திக்கு இரண்டு நிறத்தில் தொப்பி, மாப்பிள்ளைக்கு மௌனம் என்று முடிவு செய்தார்.

டீச்சர் சின்னப் பெண், பொறுமைசாலி. "சிவப்புத் தையலோட கடைசி இழுப்புலயே வெள்ளையை எடுத்துடணும்க்கா. சும்மா இருக்கிற நூலு உள்ளுக்குள்ள மறைஞ்சு கூடவே வரணும்."

"சும்மா இருக்கிறத எதுக்கு டீச்சர் கூடவே இழுத்துக்கிட்டுப் போவணும்? வெட்டி வுட்டுடலாமே."

"வெட்டுனா எல்லாமே பிரிஞ்சிடும்க்கா."

"அப்ப எங்க வூட்டு மாப்ள மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அக்கா. டீச்சர் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

எப்படியோ தொப்பி முடிந்தது. சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக, ஒரு நூல்கூட வெளியே தெரியாமல், அருமையான வேலை. ஆனால் அதற்குள் பரங்கிக்காயே போகும்.

"கைக்குழந்தைக்கு எதுக்குக்கா இவ்ளோ பெருசு?"

"சூளைக்குப் போனா சுருங்கும்ல. அதான் கொஞ்சம் தாராளமா வுட்டேன்."

"இத எந்தச் சூளையில வைக்கப் போறீங்க?"

அக்கா தொப்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சூளையில் மண் சுருங்கும் என்று காலமெல்லாம் கூடுதலாக அளந்த கை, இங்கேயும் வேலையைக் காட்டிவிட்டது. பிரித்துப் பின்னலாம் என்று கெஞ்சினோம். "முடிஞ்ச சரக்க ஒடைக்கலாம், பிரிக்கக் கூடாது" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் வரும் அன்று ரயில்வே ஜங்ஷனுக்கு என்னையும் இழுத்துப் போனார். "அவன்கிட்ட ஏதாவது சொல்லணும்னா நான் உன்கிட்ட சொல்றேன், நீ அவன்கிட்ட சொல்லு" என்று எனக்கு உத்தியோகம்.

மார்கழிக் காலை. குழந்தையோடு மகள் இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை, ஏதோ வேண்டுதலுக்குப் புதிதாக மொட்டை அடித்துக்கொண்டு. அக்கா தொப்பியை எடுத்துப் பேத்திக்குப் போட்டார். குழந்தை கழுத்துவரைக்கும் காணாமல் போய், உள்ளே இருந்து வீறிட்டது.

மகள் முகம் வாடிவிட்டது. "இவ்ளோதானா உன் பேத்தி மேல அக்கறை?"

மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றி, தன் மொட்டையில் மாட்டிப் பார்த்தார். காதுவரை கச்சிதமாக இறங்கி உட்கார்ந்தது. "இது எனக்கா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். உத்தியோகம் பார்க்க நான் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரு" என்று என்னை அடக்கிவிட்டு, அவரே சொன்னார்: "ஆமா மாப்ள. உங்களுக்குன்னேதான் பின்னுனேன். மொட்டத் தலையில பனி எறங்குனா காய்ச்சல் வந்துடும்ல."

மொட்டை விஷயம் அந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியவே தெரியாது. பச்சைப் பொய். அந்தப் பொய்க்காக அவரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது எனக்கு. அதற்குள் என் இரண்டு கையிலும் அவர்கள் பெட்டிகளைத் திணித்துவிட்டு, மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே நடந்துவிட்டார்.