தோவாளை வீட்டின் குடியிருப்பு வரலாறு

இனி இந்த வீட்டில் என் பேச்சுதான் நடக்கும் என்று நான் முடிவெடுத்தது 1955 சித்திரையில். தோவாளையில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலுக்குப் போவதென்று அறிவித்தேன். பின்பக்கம் வளர்க்கும் பிச்சிக் கொடிகளை விட்டு வர என் மனைவி பகவதிக்கு உயிரே போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள், "உங்க இஷ்டம்" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வாங்க வந்த ஜவுளிக்கடை சுந்தரராஜ் கறார்ப் பேர்வழி. வீட்டைக் கட்டியது யார், யார் கைக்கு மாறியது, யாரெல்லாம் குடியிருந்தார்கள் என்று பதிவு செய்த காகிதம் கேட்டார். தோவாளை அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது; பழைய பத்திரமெல்லாம் மலையாளம். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவன் நான். மலையாளம் படிப்பதில்லை என்பது என் கொள்கை. படிக்கத் தெரியாது என்பது கொள்கைக்கு முன்பே இருந்த நிலைமை.

பகவதி பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். பத்திரங்களைப் பிரித்து வாசித்துச் சொன்னாள். கட்டியவர் என் பாட்டா. பிறகு அப்பா, அப்புறம் நான். மேற்கு அறைகளில் வாடகைக்கு முதலில் ஒரு வைத்தியர், அடுத்து ஒரு சர்ச் உபதேசியார், இப்போது வாத்தியார் ராஜையன். உபதேசியார் பாடிப் பாடியே முருங்கை மரம் பட்டுப்போனதையும் சேர்க்கச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

"நானே மலையாளத்துல எழுதுகேன். நீங்க கையெழுத்துப் போட்டா போரும்."

"ஏட்டி, எல்லாம் சரியா எழுதுவியா?"

"சொந்தக்காரரு யாரு, குடியிருக்கது யாரு, எல்லாம் இருக்கும்."

பதிவு அலுவலகத்தில் அதிகாரி அதைக் கால் மணி நேரம் வாசித்தார். கடைசியில் "சம்மதமா?" என்றது மட்டும் புரிந்தது. கம்பீரமாகத் தலையாட்டினேன். மனுஷன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சுந்தரராஜ் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அவருக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு. முடித்ததும் என்னை விட்டுவிட்டுப் பகவதியிடம் திரும்பினார்.

"விக்கதுக்கு உங்களுக்குச் சம்மதமா அம்மா?"

"இல்ல அண்ணாச்சி. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவளிடம் ஏன் கேட்கிறீர் என்று நான் பாய்ந்தேன்.

"வீடு அவங்களுக்குல்லா? நீருதானவேய் தானமா எழுதிக் குடுத்திருக்கீரு."

நான் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். "அப்பம் என் பேரு அதுல இல்லியா?"

அவர் காகிதத்தில் விரலை ஓட்டினார். "இருக்குவேய். வைத்தியர், உபதேசியார், வாத்தியார். குடியிருக்கவங்கள்ல நாலாவது நீருதான்."