ஷெஃபாலி உட்கார்ந்த நாற்காலி

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் சாவித்திரி அக்காவுக்கு, கல்கத்தா லேக் கார்டன்ஸிலிருந்து தம்பி கோபாலனின் அநேக நமஸ்காரம். உன் முழங்கால் இப்போதாவது படியேற விடுகிறதா? இங்கே நான் க்ஷேமம். என் ஆத்துக்காரி ரங்கநாயகி ரொம்பவே க்ஷேமம். அதுதான் தொல்லை.

ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செக்ரட்டரி ஆனதும், கீழ்த்தள ஹாலில் ரங்கா சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் உனக்குத் தெரியும். ஒரு நாள் மூன்றாம் மாடி ரஞ்சனாவின் பெண் ஒரே வரியைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருக்க, ஹால் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த நம் வீட்டு வேலைக்காரி ஷெஃபாலி, தலையை நிமிர்த்தாமலே அந்த வரியைச் சுத்தமாகப் பாடிவிட்டாள். ஐம்பது வயசு, கேனிங் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலில் பாலிகஞ்ச் வந்து இறங்கி ஐந்து வீட்டில் வேலை செய்கிறவள். ரங்கா துணியை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு அவளைப் பாயில் உட்கார வைத்தாள். மறுவாரம் சமையல்காரிகள், ஆயாக்கள் என்று இன்னும் பத்துப் பேர். ரஞ்சனா தன் பெண்ணை நிறுத்திவிட்டாள். நாலாம் மாடிக்காரரோ, சமையல்காரி தாளம் போட்டதில் மீன் கருகிவிட்டதென்று எழுத்து மூலம் புகார் கொடுத்தார். ஜன்மத்தில் மீன் பக்கம் போகாத நான் செக்ரட்டரி என்ற முறையில் அதை மோந்து பார்த்துக் கருகல்தான் என்று கையெழுத்துப் போட்டேன் அக்கா.

அதோடு விட்டதா? வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கும் மாதத்தில் ஒரு நாள்கூட லீவு இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. மாதம் நாலு நாள் லீவு வேண்டும், லிஃப்டில் ஏற விட வேண்டும், ஹால் நாற்காலியில் உட்கார விட வேண்டும் என்று பெங்காலியில் ஒரு மனு வந்தது. வேலையாட்களுக்கு லிஃப்டும் நாற்காலியும் கூடாதென்று டைப் அடித்துச் சுவரில் ஒட்டினவன் நானேதான்.

"நீ ஸரிகம சொல்லிக்கொடுத்தியா, சங்கம் வைக்கச் சொல்லிக்கொடுத்தியா?" என்று கத்தினேன்.

"ஸ்ருதி சேரணும்னு சொன்னேன். சேர்ந்துட்டா" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி.

மனுவுக்குக் காரணம் இவள்தான் என்று ஷெஃபாலியை இனி வாசல் கேட்டுக்குள்ளேயே விடக்கூடாதென்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நோட்டீஸை நான் படிக்க வேண்டும். மூன்று நாளாக ரங்கா என்னோடு பேசவில்லை. உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். பாட்டு வகுப்பை மூட்டை கட்டச் சொல்லி உடனே ஒரு கடிதம் போடு.

பேரக்குழந்தைகள் ஹர்ஷினிக்கும் ரிஷிக்கும் என் ஆசீர்வாதம். அத்திம்பேருக்கு சாஷ்டாங்க நமஸ்காரம்.

உன் தம்பி,
கோபாலன்

பி.கு: இதைத் தபாலில் சேர்க்க மறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேலே எழுதினதை மறந்துவிடு. ரங்காவுக்கு ஒன்றும் எழுதாதே. கூட்டத்தில் நோட்டீஸோடு எழுந்தவன், பழக்க தோஷத்தில் பெங்காலியில் "எல்லோரும் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டேன். மனுவுக்குப் பதில் கேட்க வந்து சுவரோரம் நின்றிருந்த ஷெஃபாலி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். யாரோ "எழுந்திரு" என்று அதட்டினார்கள். "தாதாதானே உட்காரச் சொன்னார்" என்றாள் அவள். அண்ணா என்று என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவள் ஆறு வருஷமாக நம் வீட்டுக்கு வருகிறாள், ஒரு நாள் நான் உட்காரச் சொன்னதில்லை அக்கா. "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்றேன். நோட்டீஸைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பதவி அங்கேயே போயிற்று. மறுநாள் பதினொரு பேரும் வேலைக்கு வரவில்லை. புதன்கிழமைக்குள் கமிட்டி இறங்கி வந்தது: ஷெஃபாலி மேல் நடவடிக்கை இல்லை, எல்லோருக்கும் மாதம் இரண்டு நாள் லீவு. லிஃப்டுக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. ஹாலைப் பூட்டிவிட்டதால் வகுப்பு இப்போது நம் வீட்டுக் கூடத்தில். இன்று சனிக்கிழமை, உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார்கள். தபால் பெட்டி வரைக்கும் போகலாமென்று வாசலுக்கு வந்தால் செருப்புக் குவியலில் என்னுடையது எதற்கடியில் கிடக்கிறதென்றே தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.