சுவர் குடித்த வெயில்

சதாசிவம் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் சூரியன் எப்போதோ விழுந்துவிட்டான். சுவருக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை.

மலாயாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணிகளில் செங்கல் வீடு பெற்ற ஒரே ஆள் அவர். தோட்டத்தை நடத்தும் துரைக்கு இரண்டு வருடம் மனு எழுதிக் கிடைத்தது. புது மனைவி கல்யாணசுந்தரியோடு குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. விடியுமுன் ஆபீசுக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார்.

"பகல் பூரா இந்தச் சூளையிலதானே கெடக்குற?"

"பரவால்லங்க," என்றாள்.

அதில் கடலளவு துயரத்தைக் கேட்டார் சதாசிவம். மனைவியின் மனதை விசாரிப்பதைவிட ஊகிப்பதில்தான் அவருக்குப் பழக்கம். சித்தியவானில் அவளுக்கு அண்ணன் இருந்தான். வெறுத்துப்போய் அங்கே கிளம்பிவிட்டால்? அந்தப் பயம் அவர் தூக்கத்தில் பாதியைத் தின்றது. மீதியைச் சுவர் பார்த்துக்கொண்டது.

மறுநாள் மாலை பத்து வாளித் தண்ணீரைச் சுவரில் அடித்தார். வீடு இட்லிப் பானையாயிற்று.

கொத்தனார் அப்பாவு வந்து பார்த்தான். "தாரு பூசிருவோம் கிராணியாரே. மழையே உள்ள எறங்காது. வெயில் எப்படி எறங்கும்?"

பூசினார்கள். கறுத்த சுவர் இன்னும் ஆசையாக வெயிலைக் குடித்தது.

"அப்ப இன்னொரு வரிசை கல்லு வைப்போம் லா," என்றான் அப்பாவு, கொஞ்சமும் கூசாமல்.

எட்டு மணிக்கு ஆறிக்கொண்டிருந்த சுவர், இப்போது பத்து மணிக்குத்தான் அதைப்பற்றி யோசிக்கத் தொடங்கியது.

"எப்படித் தாங்குற, சுந்தரி?"

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று அவருக்குக் கண் கலங்கியது. வீட்டை மாற்றித் தரச் சொல்லி மறுபடி மனு எழுதினார்.

துரை காலை பதினோரு மணிக்கு வந்து உள்பக்கச் சுவரைத் தடவினார். "நல்ல குளிர்தானே இருக்கு?"

"சாயங்காலம் வந்து பாக்கணும், தொரே."

"சாயங்காலம் நமக்கு கிளப் இருக்கு."

அத்தோடு விசாரணை முடிந்தது. கூலிகளை மேய்க்கும் கங்காணி சன்னாசியின் பலகை வீட்டோடு மாற்றிக்கொள்ள உத்தரவாயிற்று. பலகைச் சுவர், தகரக் கூரை. கங்காணிக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. மனைவிக்காகக் கௌரவத்தையே துறந்த முதல் கிராணி தானாகத்தான் இருக்கும் என்று சதாசிவத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

ஆள்கள் சாமான்களை மாற்றிய அன்று அவர் வழக்கம்போல ஆறு மணிக்கு வந்தார். தகரம் அதற்குள் ஆறியிருந்தது. பலகை இடுக்கில் காற்று வந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாகச் சட்டை நனையவில்லை.

"சுந்தரி, இப்ப எப்படி இருக்கு?"

திரும்பிப் பார்த்தார். வாசலில் கங்காணியின் மனைவி வீரம்மா சாவியோடு நின்றாள்.

"அக்கா இந்தத் தகரத்துக்குக் கீழ ரெண்டு மணி வரைக்கும் இருந்து பாத்துட்டு, சித்தியவானுக்குக் கெளம்பிட்டாங்க, கிராணியாரே. பகல் பூரா குளுகுளுன்னு இருந்த அந்தச் செங்கல் வீட்டுக்காகத்தான் இத்தனை நாள் உங்களப் பொறுத்துக்கிட்டாங்களாம், சொல்லச் சொன்னாங்க."