ஞானபாய் உயிரோடு இருப்பதாகக் கூறப்படுகிறது

மனித குலம் தன் கண்ணை நம்பியே எத்தனையோ யுகங்களை வீணடித்துவிட்டது. எதிரே மலை நின்றால் மலை இருக்கிறது என்றார்கள். எதிரே ஆள் நின்றால் ஆள் இருக்கிறார் என்றார்கள். என்ன அவசர புத்தி! தேடுபொறி வந்த பிறகுதான் நமக்கு நிதானம் வந்தது. தேடினால் மேலே வருகிறவர் இருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் வருகிறவர் இருந்தும் பிரயோசனமில்லை. இப்போது அதற்கும் மேலே ஒரு படி ஏறியாகிவிட்டது. நாம் எந்தப் பக்கத்தையும் திறந்து சிரமப்பட வேண்டாம் என்று, உலகத்தில் உள்ளதையெல்லாம் தேடுபொறியே படித்துக் கரைத்துக் குடித்துவிட்டு, நாலு வரியில் 'சுருக்கமான பதில்' சொல்லிவிடுகிறது.

இந்த மகத்தான தொண்டில் அடியேனுக்கும் பங்கு உண்டு. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு நிறுவனத்தில் 'முதுநிலைப் புலப்பாட்டு ஆலோசகர்' நான். அதாவது, மற்றவர்களை இணையத்தில் கண்ணுக்குத் தெரிய வைக்கிறவன். வலியசாலையில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் மட்டும் கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஞானபாய் அக்கா எங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். களியக்காவிளைப் பக்கத்துக்காரர். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'ஞானபாய் மெஸ்' நடத்துகிறார். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த தமிழர்களும், ரயிலை விட்டு இறங்கியதும் 'பக்கத்தில் தமிழ்ச் சாப்பாடு' என்று போனில் தேடுகிறவர்களும்தான் அவருக்கு வாடிக்கை.

"மக்களே, நான் செத்துப் போனேனாம்," என்றார்.

வாடிக்கையாளர் சொல்வதைப் பதறாமல் கேட்பது எங்கள் நிறுவனத்தின் கொள்கை. "எப்போதிலிருந்து அக்கா?" என்று கேட்டேன்.

"அத உங்க மெஷினுட்ட கேளு! நேத்து ஒருத்தன் கட வாசல்ல வந்து நிக்கான். உள்ள மீன் கொழம்பு கொதிக்குது, மணம் ரோடு வர போவுது. போனப் பாத்துக்கிட்டே 'கட பூட்டியாச்சா?'ன்னு கேக்கான். 'தொறந்துல்லா கெடக்கு, உள்ள வா'ன்னேன். 'இல்லக்கா, நிரந்தரமா மூடியாச்சுன்னு போட்டிருக்கு. ஓனரம்மா எறந்துட்டாங்களாம்'ங்கான். 'நான்தாம்லே அந்த ஓனரம்மா!'ன்னேன். அவனுக்கு மொகம் வாடிப் போச்சு. 'ரொம்ப வருத்தமா இருக்குக்கா'ன்னு என்னையே பாத்துக் கையக் கும்பிட்டுட்டு, எதித்த கடையில போயி புரோட்டா திங்கான்!"

அந்த இளைஞரின் பண்பாடு என்னை நெகிழ வைத்தது. ஆனால் அக்காவின் கவலை வேறு. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் பினு ஷார்ஜாவில் இருக்கிறார். மாதக் கடைசியில் வாடகை எக்ரிமெண்டைப் புதுப்பிக்க வேண்டும். செத்த ஆளோடு எப்படி எக்ரிமெண்ட் போடுவது என்று அவர் கேட்கிறாராம்.

"வீடியோ கால் போட்டு முகத்தைக் காட்டலாமே?"

"காட்டினேன். சர்ச்சுல பாடுற பாட்டு ரெண்டு பாடியும் காட்டினேன். 'மரிச்ச ஆளயும் இப்ப ஏஐ பேச வெய்க்கும் சேச்சி. நெட்டுல வரட்டே, அப்ப விஸ்வசிக்காம்'னு சொல்லிட்டு கட் பண்ணிட்டாரு. அந்தக் கட போச்சுன்னா நானும் எனக்க மவளும் நடுரோட்டுலதான் நிக்கணும், கேட்டியா?"

பினு எவ்வளவு விவேகி! இப்படிப்பட்ட கட்டடக்காரர்களை நம்பித்தான் எங்கள் துறையே நிற்கிறது.

நானும் தேடிப் பார்த்தேன். பதில் மிக அழகாக வந்தது: 'ஞானபாய் மெஸ், தம்பானூரின் நினைவில் வாழும் உணவகம். உரிமையாளரின் மறைவுக்குப் பின் நிரந்தரமாக மூடப்பட்டது.' அதற்கு மேலே மலர்வளையத்துக்கு ஒரு விளம்பரம், குளிர்பெட்டிக்கு ஒரு விளம்பரம். கீழே, இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சின்னதாக ஒரு சுட்டி. அதைத் தட்டினேன். எங்கள் நிறுவனத்தின் தளம் திறந்தது. கட்டுரையின் பெயர், 'தலைநகரம் இழந்த ருசிகள்'.

உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. நிறுவனர் ஜிபின் தலைமை வகித்தார். கட்டுரைப் பிரிவின் தலைவி ஆர்ஷா லேப்டாப்போடு வந்தார். மறைந்தவரும் கலந்துகொண்டு ஒரு கட்டன் சாயா குடித்தார்.

ஆர்ஷா இணைய வரைபடத்திலிருந்து தெருப்படம் ஒன்றைத் திரையில் காட்டினார். "நோக்கு சேட்டா, க்ளியரா உண்டு. மேல போர்டுல 'ஞானபாய் மெஸ்'. அதுக்கு நேரா கீழ 'ஆதராஞ்சலிகள்'. மெஷின் இது ரெண்டையும் படிச்சு கட்டுரை எழுதிச்சு. நான் ஓகே மட்டுந்தான் கொடுத்தேன்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அட பாவிகளா! அது ஆட்டோ ஸ்டாண்டு தாசையனுக்குக் கெட்டின பிளெக்ஸ்! பாவம், நெஞ்சு வலில போனாரு. எனக்க செவருல கெட்டினாதான் நாலு பேரு பாப்பாங்கன்னு கூட்டுக்காரங்க கேட்டாங்க, கெட்டிக்கோன்னு சொன்னேன்."

எங்கள் ஊரில் யார் இறந்தாலும், ஜனங்கள் அதிகம் போகிற இடமாகப் பார்த்து அஞ்சலி பிளெக்ஸ் கட்டுவது வழக்கம். புலப்பாட்டுத் துறையில் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எங்களுக்கெல்லாம் முன்னோடிகள்.

"தாசையனுக்க பேரு எங்க?" என்றார் அக்கா.

"பேருக்கு முன்னாடி ஒரு ஆட்டோ நிக்குது ஆண்டி."

"மொகம் தெரியுதுல்லா? எம்மாம் பெரிய மீச!"

"மெஷின் ஆண், பெண் வித்யாசம் பாக்காது ஆண்டி," என்றார் ஆர்ஷா பெருமையோடு.

முற்போக்கு என்றால் இதுவல்லவா! அக்காவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. அந்தக் கட்டுரையை அழித்துவிடுங்கள், தீர்ந்தது என்றார். ஜிபின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அது மட்டும் பறயாதீங்க சேச்சி. நம்மோட டாப் பேஜ் அது. அத எடுத்தா கம்பெனிதான் மரிக்கும். டென்ஷன் வேண்டா. மேல ஒரு விளம்பரம், கீழ ஒரு புதுக் கட்டுரை. எல்லாம் செட் ஆக்கித் தராம்."

கட்டணத்தைப் பற்றிப் பேசுவது இங்கிதமல்ல. அக்கா பேசினார். நாங்கள் இங்கிதமாக இருந்து வாங்கிக்கொண்டோம்.

விளம்பர வாசகத்தையும் இப்போது இயந்திரமே எழுதிவிடுகிறது. 'மறைந்த ஞானபாயின் அதே கைமணம்! இன்றே வாருங்கள்!' என்று எழுதி, துக்க வீட்டுக்காரர்கள் எதையாவது தேடினால் அவர்களுக்குத் தேடிப் பிடித்துக் காட்டியது. மெஸ்ஸுக்குப் போன் வந்த வண்ணம் இருந்தது. எல்லாம் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு. அதில் ஒருவர், சமைத்துத் தருவது யார் என்று கேட்டு, ஞானபாய்தான் என்று பதில் வந்ததும் அலறிக்கொண்டு போனை வைத்தாராம்.

புதுக் கட்டுரையை நானே எழுதினேன். 'ஞானபாய் உயிரோடு இருக்கிறாரா? நீங்கள் அறிய வேண்டியவை அனைத்தும்!' வாசகரைப் பக்கத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும் என்பது எங்கள் துறையின் தர்மம். அதனால் தம்பானூரின் வரலாறு, மீன் குழம்பின் வகைகள், உயிர் என்றால் என்ன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், அவர் இருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும் கடைசிவரை சொல்லாமல் காத்தேன். பலன் உடனே தெரிந்தது. சுருக்கமான பதில் மாறிவிட்டது: 'ஞானபாய் உயிரோடு இருப்பதாகக் கூறப்படுகிறது. எனினும் இதில் கருத்து வேறுபாடு உள்ளது.'

அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது. நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, பெரிய முன்னேற்றம்! சாவிலிருந்து சர்ச்சைக்கு வந்துவிட்டீர்கள்!"

"மக்களே, மாசம் முடியப் போவுது. எனக்கு ராத்திரி ஒறக்கமே இல்ல," என்றார். குரல் உடைந்திருந்தது.

பினுவும் அந்தப் பதிலைப் படித்தார். கருத்து வேறுபாடு உள்ள ஒருவரோடு எக்ரிமெண்ட் போட்டால் பிறகு கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டிவரும் என்று யோசித்து, போன் கவர் விற்கிற ஒருவருக்குக் கடையைக் கொடுத்துவிட்டார்.

அக்கா கடையைக் காலி செய்கிற அன்று காலையில்தான் எங்கள் உழைப்பு முழுதாகக் கனிந்தது. 'ஞானபாய் மெஸ் இப்போது திறந்திருக்கிறது. உரிமையாளர் ஞானபாய் நலமாக உள்ளார். மதியம் கூட்டம் அதிகமாக இருக்கும்.' ஜிபின் கேக் வெட்டினார். வெற்றிக் கதையாகத் தளத்தில் போட வேண்டும், உடனே போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வா என்று என்னைத் தம்பானூருக்கு அனுப்பினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மெஸ்ஸின் போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்ளே கயிறு கட்டிப் போன் கவர்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அண்டாவையும் சருவத்தையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவர் இசக்கிப்பாண்டி, திருநெல்வேலியிலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர்.

"கட இல்ல பிள்ளே. காலி பண்ணுறோம்லா, பாத்தா தெரியலியா?" என்றார் அக்கா.

"தெறந்திருக்குன்னுல்லா போட்டிருக்கு," என்று இசக்கிப்பாண்டி போனைக் காட்டினார். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்னும் போட்டிருக்கு. அதாம்க்கா வெரசலா வந்து எடம் புடிச்சிட்டோம். நீங்க சாமான ஏத்துங்க, நாங்க ஓனரம்மா வார வர நிக்கோம்."

"நான்தாம்லே ஞானபாய்!"

"அவிய நலமா இருக்காவன்னுல்லா போட்டிருக்கு. நீங்க அழுதுக்கிட்டு நிக்கிய," என்றார் இசக்கிப்பாண்டி.

அக்கா என் பக்கம் திரும்பினார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

"மக்களே, இத்தன வருஷமா இந்த அடுப்ப நான் அணைய விட்டதில்ல. எனக்க கடயக் கொன்னது நீங்கதான். போட்டும், இனி அதச் சொல்லி என்னத்துக்கு. நான் சொன்னா இவன் நம்ப மாட்டான். நீ படிச்சவன், நீ சொன்னா நம்புவான். பசியோட நிக்கான் பாவம். ஒனக்க கண்ணால பாக்கிறத இவன்ட்ட சொல்லு, அது போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடையைப் பார்த்தேன். அடுப்பு இருந்த இடத்தில் கரி பிடித்த சுவர் மட்டும் இருந்தது. அது என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறதே.

போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "திறந்திருக்கிறது," என்றேன்.