கெண்டிச் சட்டையும் காசர்கோடும்

திருவனந்தபுரத்தில் படிவங்கள் இயக்குநரகம் என்று ஒன்று இருந்தது. மற்ற இலாகாக்கள் பூர்த்தி செய்ய வேண்டிய படிவங்களை அச்சடித்துக் கொடுப்பது அதன் திருப்பணி. 1974-ஆம் வருஷம் அதன் டைரக்டர் ராமசுப்ரமணியன், படிவங்களைப் பற்றி மேலும் அறிந்துவரக் குளிர்தேசமொன்றுக்கு ஆறு வாரப் பயணம் போனார். போன நேரம் அங்கே பண்டிகை விடுமுறை. ஆபீஸெல்லாம் அடைத்துக் கிடந்ததால் படிவங்களைப் பார்க்க முடியவில்லை, குடும்பங்களைப் பார்த்தார். அப்பன் வெட்ட, அம்மை தைக்க, பிள்ளைகள் ஒட்ட, மேசையைச் சுற்றி உட்கார்ந்து துணிமுயல் செய்துகொண்டிருந்தார்களாம். அந்த நாடு முன்னேறியதே இதனால்தான் என்று திரும்பி வரும்போது விமானத்திலேயே முடிவு கட்டிவிட்டார்.

ஓணத்துக்கு முன்னால் சர்க்குலர் வந்தது. லோயர் டிவிஷன் கிளார்க் தாணு அதைக் கரமனையில் இருந்த வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவி செண்பகவல்லியை உட்காரவைத்து வாசித்துக் காட்டினான்.

'எதிர்வரும் ஓண விடுமுறையில், இத்துறையின் ஒவ்வோர் ஊழியரும் தம் குடும்பத்தாருடன் கூடி, எளிய கைவேலைப் பொருள் ஒன்றைத் தம் இல்லத்திலேயே தயாரித்து, மூன்று பிரதிச் சான்றிதழ்களுடன் சமர்ப்பிக்கக் கடமைப்பட்டவராவார்.' என்னென்ன பொருள் என்று கீழே பட்டியல் இருந்தது. பஞ்சடைத்த முயல். சுவரில் தொங்கவிடும் ஒற்றைக் காலுறை. கெண்டிச் சட்டை, அதாவது தேநீர்க் கெண்டி குளிரில் வாடாமலிருக்க மாட்டிவிடும் மெத்தை உறை.

"கெண்டிக்குக் குளிருமா?" என்று கேட்டாள் செண்பகவல்லி, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"சர்க்குலர்ல குளிரும்னு போட்டிருக்கு" என்றான் தாணு.

கடைசிப் பத்தியில்தான் விஷம் இருந்தது. 'விடுமுறையில் கூடியிருந்து யாதொரு பொருளும் திறம்படச் செய்யமாட்டாத குடும்பம், பிரிந்திருப்பதால் யாதொரு நஷ்டமும் அடையாது. அத்தகைய ஊழியர் காசர்கோடு கிளைக்கு மாற்றப்படுவார்.'

காசர்கோடு மாநிலத்தின் மறுகோடி. இந்த ஆபீஸிலிருந்து அங்கே போனவர்கள் ஒண்டிக்கட்டையாகத்தான் போனார்கள். போன வருஷம் போன ஒருவர் லீவில் வந்தபோது, அவருடைய சின்னக் குழந்தை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, ஆரோ வந்நு" என்று மலையாளத்தில் சொன்னதாம். தன் மகள் பொன்னம்மை அப்படி ஒரு வார்த்தை சொல்வதை நினைக்கவே செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் தையலுக்கு அவள் பயப்படவில்லை. நாகர்கோவிலிலிருந்து சீதனமாக வந்த கைமெஷின் இருந்தது. சாலைக் கம்போளக் கடைகளில் வெட்டுத்துணி மலிவு. ஒரு முயலென்ன, ஒரு பண்ணையே தைத்துவிடலாம்.

மறுநாள் காலையில் ஹெட்கிளார்க் கல்யாணராமனின் சம்சாரம் சாவித்ரி ஒரு பொட்டலத்தோடு வந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாளாம். ஒரு மணி நேரம் சும்மா பார்த்தபிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே துணி; தன் வீட்டுக் கைவேலையையும் தைத்துத் தரவேண்டுமாம். ஹெட்கிளார்க்குதான் தாணுவைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதுகிறவர். முடியாது என்று சொல்ல முடியுமா? சாயங்காலம் காஷியர் வீட்டிலிருந்து வந்தார்கள். அதற்கடுத்த நாள் தங்கையன் தன் மனைவியோடு தானே வந்தார். அவர் மூலையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவர்தான், ஆனால் காசர்கோடு என்று டைப் அடிப்பதும் அவர்தானே. இப்படி ஓணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பதினாலு பொட்டலம் சேர்ந்துவிட்டது. தாணுவையும் டைரக்டரையும் தவிர ஆபீஸில் மொத்தமே பதினாலு பேர்தான்.

பதினைந்தாவதாகக் கோட்டைக்குள் இருந்த அக்ரஹாரத்திலிருந்து காரில் வந்து இறங்கியவள் டைரக்டரின் மனைவி சூடாமணி.

"மாதிரிக்குன்னு முதல்ல நம்மாத்துலேர்ந்து ஒரு கெண்டிச் சட்டை வைக்கணும்கறார். எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுடி. நானே பண்ணிட்டேன்னு அவர்கிட்ட சொல்லியாச்சு. நீ வாயைத் திறக்கப்படாது, கேட்டியா" என்றாள்.

அந்த ஓணத்துக்கு ஊரெல்லாம் பப்படம் பொரிந்தது. தாணு வீட்டில் மூன்று நாளும் ரசஞ்சோறுதான். செண்பகவல்லி மெஷினைச் சுற்றினாள், சுற்றினாள், தோள்பட்டை கழன்றுவிடும்போல் சுற்றினாள். பதினைந்தையும் முடித்து நிமிர்ந்தபோது மறுநாள் ஆபீஸ் திறக்கவேண்டும், துணியும் தீர்ந்துவிட்டது, தன் வீட்டுக்கென்று ஒன்றுமில்லை.

தாணு ஒரு பழைய வேட்டியை எடுத்து முயல் வெட்டினான். சர்க்காருக்காக எட்டு வருஷமாகப் பேனா பிடித்த கை. ஒரு காது முழங்கை நீளமும் மற்றொன்று சுண்டுவிரல் நீளமுமாக வந்தது. பொன்னம்மை பஞ்சுக்குப் பதிலாகத் தேங்காய்நார் அடைத்து, கண்ணுக்கு அப்பாவின் சட்டைப் பித்தான் ஒன்றும் அம்மாவின் ரவிக்கைக் கொக்கி ஒன்றும் ஒட்டினாள். செண்பகவல்லி சிரித்துக்கொண்டே தைத்ததில் வால் வயிற்றுப் பக்கம் போய்விட்டது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அந்த விடுமுறையில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் அந்த ஒரு மணி நேரந்தான்.

தேர்வுக் குழு கூடியது. பதினாலு பொருளையும் மாதிரியோடு ஒத்துப் பார்த்து, அனைத்திலும் தையல் ஒரே கை தைத்ததுபோல் அமைந்திருப்பது துறையின் ஒருமைப்பாட்டுக்கு அசைக்க முடியாத சான்று என்று பதிவு செய்தது. தாணுவின் முயலைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதினார்கள். 'இப்பொருள் இல்லத்தில் குடும்பத்தாரால் தயாரிக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. காதுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.'

காசர்கோட்டுக்கு உத்தரவாயிற்று. தங்கையன் வெகு வருத்தத்துடன், ஒரு பிழையும் இல்லாமல் டைப் அடித்தார்.

சேதி கேட்டதும் சூடாமணிக்குத் தூக்கம் போய்விட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் போட்டி உண்டு என்று அதற்குள் அறிவித்தாயிற்று. மாற்றலை ரத்து செய்யச் சொன்னால் டைரக்டர் ஏன் என்று கேட்பார்; ஏன் என்று சொன்னால் கெண்டிச் சட்டை கிழிந்துவிடும். ஆகவே, அந்தத் தையல்காரி மட்டும் ஊரைவிட்டுப் போகப்படாது என்று ஒரே பிடியாகச் சொன்னாள். மனைவி சொன்னதை அப்படியே உத்தரவாக எழுதிப் பழகியவர் டைரக்டர். மறுநாளே திருத்திய உத்தரவு வந்தது. 'திரு. தாணு காசர்கோட்டுக்கு மாற்றப்படுகிறார். அன்னாரின் மனைவி, பொதுநலன் கருதி, திருவனந்தபுரத்திலேயே நிறுத்திவைக்கப்படுகிறார். இது குடும்ப ஒற்றுமையைப் பேணும் பொருட்டு.'

தாணு அதை இரண்டு தடவை வாசித்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"தலைநகர் போஸ்டிங்குக்காக அவனவன் தலைகீழா நிக்கான். ஒனக்கு எடுத்த எடுப்பிலேயே கெடச்சிட்டு" என்றான்.

செண்பகவல்லிக்கு வந்ததே கோபம். "நான் ஒங்களக் கட்டிக்கிட்டு வந்தவ. ஒங்க ஆபீசக் கட்டிக்கிட்டு வரல. பெட்டிய எடுங்க" என்றாள்.

லீவு சாங்ஷன் ஆகாமல் எப்படி வருவாய் என்று அவன் ரயில் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, காசர்கோடு வந்தபிறகுதான் எழுந்தாள்.

ஒரு மாதத்தில் மெமோ வந்தது. திருவனந்தபுரத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மனைவியை அனுமதியின்றி எடுத்துச் சென்ற குற்றத்துக்காகத் தாணுவுக்கு ஆறு மாதத் தண்டனை. விதி தெளிவாக இருந்தது: குற்றம் புரிந்த ஊழியரை, அவர் இருக்கும் இடத்திலிருந்து ஆகத் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு மாற்றவேண்டும். செக்ஷனில் தேசப்படத்தை விரித்து, காசர்கோட்டின்மேல் ஸ்கேலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார்கள். கண்ணூர் போதவில்லை. எர்ணாகுளம் போதவில்லை. கொல்லம்கூடக் கொஞ்சம் பக்கமாகத்தான் இருந்தது. கடைசியில் ஸ்கேல் அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் மேலேயே வந்து நின்றது. விதி என்றால் விதிதான். 'தண்டனை இடம்: திருவனந்தபுரம்' என்று ரிஜிஸ்தரில் ஏற்றினார்கள்.

அப்படித் தாணு குடும்பம் தண்டனை அனுபவிக்கக் கரமனைக்கே திரும்பி வந்தது.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜனவரியில் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். ரிஜிஸ்தரைப் புரட்டினார்கள். திருவனந்தபுரம் தண்டனை இடமென்றால், அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேரும் தண்டனையில் இருப்பவர்கள் என்றாகிறது. தண்டனையில் இருப்பவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது, இடமாற்றம் கேட்கும் உரிமையும் கிடையாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். 'டைரக்டர் உட்பட' என்றும் மறக்காமல் சேர்த்திருந்தார்கள்.

டைரக்டர் விதிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பார்த்தார். அதில் இருந்தது இன்னும் மோசம். தாணுவின் தண்டனைக்கு உத்தரவு உண்டு, ஆகவே முடிவு தேதியும் உண்டு. மற்றவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். அவர்களுக்கு உத்தரவில்லை, ஆகவே முடிவுமில்லை. தப்ப ஒரே வழிதான்: ஏதாவது ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு, முறைப்படி உத்தரவு வாங்கி, ஆறு மாதத்தில் விடுதலையாவது.

என்ன குற்றம் என்று யோசிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. ஓணக் கைவேலை எங்கள் வீட்டில் செய்ததல்ல என்று பதினாலு பேரும் எழுதிக்கொடுத்தார்கள். அன்று ராத்திரி சூடாமணி டைரக்டரிடம் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். காலையில் அவரும் எழுதினார். அவர்களுடைய துறையே அச்சடித்த படிவம் அது. கீழே ஒரு கட்டம் இருந்தது: 'இப்பொருளை உண்மையில் செய்தவரின் கையொப்பம்.'

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கரமனை வீட்டு வாசலில் பதினைந்து பேர் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற டைரக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரேயொரு கையெழுத்து போதும், அஞ்சு நிமிஷ வேலை என்று வெகு பணிவாகச் சொன்னார். பின்னால் ஹெட்கிளார்க் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தாணு பாயில் படுத்திருந்தான்; பொன்னம்மை அவன் வயிற்றில் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

செண்பகவல்லி படிவத்தை நிதானமாக வாசித்துப் பார்த்துவிட்டு டைரக்டரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"போடுதேன் சார். ஆனா இன்னைக்கு எங்களுக்கு விடுமுறை. மூணு பேருமாச் சேந்து சும்மா இருக்கோம். அது முடிஞ்ச பொறவு வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. எப்போது முடியும் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. வரிசை கலையாமல் வெயிலில் நின்றார்கள்.