சீதன வீட்டில் ஒரு லினக்ஸ்

இந்த வீட்டில் ஒரேயொரு பொருளுக்காவது தான் எசமானாகிவிட வேண்டும் என்று உதயரூபன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவெடுத்தான்.

முடிவில் நியாயம் இருந்தது. ஊர் வழக்கப்படி, கல்யாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வந்தவன் அவன். வீடு பிரஷாந்தியின் சீதனம். வளவு சீதனம். கிணறு சீதனம். அவன் படுக்கும் கட்டிலும், மேலே சுற்றும் காற்றாடியும் சீதனம். வளவுக் கோழிகூட அவனைக் கண்டால் வழிவிடாது. வாடகைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். அவனோடு வந்தது ஒரு பழைய மடிக்கணினி மட்டுமே. அதிலும் பிரஷாந்திதான் புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே, கணினியை இயக்கிய விண்டோஸை அழித்துவிட்டு, அதன் இடத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினான். நிர்வாகி அவன். கடவுச்சொல் அவன் நெஞ்சுக்குள். பிரஷாந்திக்கு ஒரு சாதாரண கணக்கு.

"இது எழும்புறதே ஒரு அழகு புள்ள," என்றான். "எழும்பினவுடன ஒவ்வொரு சாமானையும் கூப்பிட்டு, நீ ஆரு, என்ன வேலை தெரியும் எண்டு கேட்கும்."

"எங்கட அம்மா உங்களை முதல்ல கண்டண்டைக்குக் கேட்ட மாதிரி."

"நிப்பாட்டுறதும் அப்பிடித்தான். உன்னை மாதிரி வயரை இழுக்கிறதில்ல. எல்லாரும் வேலையை முடிச்சிட்டுப் படுங்க எண்டு சொல்லி, கடைசி ஆளும் படுத்த மறுகாதான் தான் படுக்கும்."

"அப்ப இது பொம்புளைதான்."

உதயரூபன் விடவில்லை. "இதுல ஒளிப்பு மறைப்பே இல்ல. எப்பிடி வேலை செய்யுதெண்டு ஆரும் வாசிச்சுப் பார்க்கலாம்."

"ஆருமா?"

"ஆரும்!" என்றான் பெருமையோடு.

சிக்கல் மத்தியானம் வந்தது. புதிய லினக்ஸுக்கும் பழைய பிரிண்டருக்கும் அறிமுகமில்லை. அறிமுகம் செய்துவைக்க நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்.

"நாளைக்கு விடிய இருபத்திரெண்டு பிள்ளைகள் வருதுகள். பாஸ்வேட்டைச் சொல்லுங்க."

"சொல்ல ஏலாது. நான் வந்து அடிச்சுத் தருவன்."

"அப்ப வாங்க."

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

தேத்தண்ணி வந்தது. "கொறிக்கக் கச்சான் இரிக்கா?" என்றான். அதுவும் வந்தது. சீதன வீட்டில் முதன்முறையாகக் கால்மேல் கால் போட்டான். அவன் வேலை செய்யும் போன் கடையிலிருந்து அழைப்பு வந்ததும், "வந்து பார்க்கிறன்" என்று செங்கலடிக்குப் புறப்பட்டுவிட்டான். அங்கே போன் திருத்திய நேரமெல்லாம், வாசலில் காத்து நிற்கும் பிரஷாந்தியைத்தான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தால், மேசையில் இருபத்திரெண்டு வினாத்தாள்.

"எப்பிடிப் புள்ள?"

"நிப்பாட்டித் திரும்ப எழுப்பினன். எழும்புற நேரம் பார்த்துப் பிடிச்சா, ரிக்கவரி எண்டு ஒரு வாசல் இரிக்கு. அதால போனா பாஸ்வேட்டே கேட்காது. போன்ல வாசிச்சன். ஆரும் வாசிக்கலாமெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் மடிக்கணினியைத் திரும்பிப் பார்த்தான்.

"சரியா முழிப்பு வர முதல் கேட்டா எல்லாத்துக்கும் ஓமெண்டுதான் சொல்லுது," என்றாள் அவள். "உங்களை மாதிரியே."

கல்குடாக் கடற்கரைக்கு மாமியாரையும் கூட்டிப்போக அவன் சம்மதித்தது ஒரு விடியற்காலை அரைத்தூக்கத்தில்தான்.

"என்ட கணக்கை அழிச்சிட்டியா?"

"ஏன் அழிக்க? மனம் வரல்ல. இரிக்கட்டும்."

ஓடிப்போய் உட்கார்ந்தான். அவனுடைய கடவுச்சொல்லுக்குக் கணினி திறந்தது. அப்பாடா! இழந்த ஆட்சியை உடனே மீட்க, நிர்வாகிக்குரிய கட்டளையைத் தட்டினான். கணினி பதில் சொன்னது: உதயரூபன் என்பவர் நிர்வாகிகள் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் முறையிடப்படும்.

"முறையிடப்படுமாம்! ஆரிட்ட முறையிடப் போகுது?"

பிரஷாந்தி வினாத்தாளில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னட்டத்தான். கை கழுவிட்டு வாங்க, விசாரிப்பம்."